தண்ணீர், மண், விளைச்சல்: யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு விவசாய, உயிர்முறைமைப் பொறியியல் முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மெடிசினா, எஞ்சினியரிங்கா? இரண்டும் தவறி "அக்ரி" கிடைத்த பிள்ளையை அயலட்டை ஒருவித அனுதாபத்தோடு பார்க்கிறது. இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தரும் விஷயம். குடாநாட்டின் குடிதண்ணீர், தோட்டம், பனை, குப்பை என்று நாம் நாளாந்தம் முறைப்படும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் விவசாயப் பொறியியலின் எல்லைக்குள் வருபவை. அதற்குப் படித்த ஆட்கள்தான் போதாமல் இருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி மூன்று பேரை மனதில் வைத்து எழுதப்பட்டது: சாதாரண தரம் முடித்து உயர்தரப் பாடம் தெரிவு செய்யப்போகிறவர், பெறுபேற்றோடு பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர், விவசாயப் பட்டம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர். உங்களுக்குப் பொருந்தும் படியிலிருந்து வாசிக்கலாம். ஆனால் முதலாம் படியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

துறையைப் பற்றிச் சுருக்கமாக

பௌதிகவியலையும் கணிதத்தையும் மண், நீர், பயிர், கால்நடை, உணவு ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறை. நீரிறைக்கும் பம்பை இயந்திரப் பொறியியலாளர் வடிவமைப்பார். வெங்காயத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதைப் பயிரியல் படித்தவர் சொல்வார். இந்தக் கிணற்றில், இந்தச் செம்மண்ணில், இந்த வெங்காயத்துக்கு எந்தப் பம்பை எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர் விவசாயப் பொறியியலாளர்.

அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் 1907 இல் தொடங்கியது. அப்போது உழவு இயந்திரமும் வடிகாலும்தான் முக்கிய வேலை. பிறகு உணவு பதனிடல், சுற்றுச்சூழல், உயிரியல் எரிபொருள் என்று துறை அகன்றதால், 2005 இல் சங்கத்தின் பெயரிலேயே "உயிரியல்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கையிலும் சில பல்கலைக்கழகங்கள் விவசாயப் பொறியியல் என்கின்றன, சில உயிர்முறைமைப் பொறியியல் என்கின்றன. பெயரை வைத்துக் குழம்பாமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

படி 1: உங்கள் வீட்டுக் கிணற்றைப் படியுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நம்முடைய தண்ணீர் எல்லாம் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்தது. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அதிகம். அந்தச் சிறிய வேறுபாட்டால் வரும் கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டம் 1 மீற்றர் இறங்கினால் அடியிலிருந்து உவர்நீர் 40 மீற்றர் வரை ஏற இடமுண்டு. சுண்ணாம்புக் கல்லில் குகைகளும் வெடிப்புகளும் நிறைந்திருப்பதால் கள நிலைமை இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்காது. ஆனாலும் பெரிய பம்பைப் போட்டு வேகமாக இறைத்த கிணறு ஏன் சவர் ஆகிறது என்பதற்கான அடிப்படை விளக்கம் இதுதான்.

இனி உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ அயலவரின் தோட்டத்திலோ ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், சுமார் 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லீற்றர். வளர்ந்த வெங்காயத்துக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தேவை என்று எடுத்துக்கொண்டால், ஒரு பரப்புக்கு நாளொன்றுக்கு சுமார் 1,265 லீற்றர். நாலு பரப்புத் தோட்டம், மூன்று நாளுக்கு ஒருமுறை இறைப்பு என்றால் பயிரின் தேவை சுமார் 15,000 லீற்றர். வாய்க்காலில் ஓடவிட்டுப் பாத்திக்கு மாறும் முறையின் வினைத்திறனைப் பொதுவாக 60 சதவீதம் என்று கொள்வார்கள். ஆகவே கிணற்றிலிருந்து சுமார் 25,000 லீற்றர் இறைக்க வேண்டும்.

பம்ப் எவ்வளவு தருகிறது? 200 லீற்றர் பரல் ஒன்றை வைத்து, நிரம்பும் நேரத்தைத் தொலைபேசியில் அளவிடுங்கள். 40 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு 5 லீற்றர். அப்படியானால் 25,000 லீற்றருக்கு ஏறத்தாழ 85 நிமிடம் போதும். தோட்டக்காரர் மூன்று மணித்தியாலம் இறைக்கிறார் என்றால் தேவையின் இரண்டு மடங்குக்கு மேல் இறைக்கிறார்.

இந்த மிகைத் தண்ணீர் எங்கே போகிறது? பெரும் பகுதி அதே செம்மண்ணூடாக இறங்கி அதே நிலத்தடி நீருக்குத்தான் திரும்பிச் சேர்கிறது. ஆகவே "தண்ணீர் வீணாகிறது" என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. போகும் வழியில் அது யூரியாவையும் எருவின் நைதரசனையும் கழுவிக்கொண்டு போகிறது என்பதுதான் பெரிய கேடு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம் என்று பல வருடமாக ஆய்வுகள் சொல்லி வருவதற்கு இது ஒரு காரணம், மலசலகூடக் குழிகள் இன்னொரு காரணம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அந்த அளவைத் தாண்டிய நீர் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைத்துவிடும்.

ஒரு தோட்டத்து இறைப்பு நேரத்தைச் சரிசெய்தால் எரிபொருள் மிஞ்சுகிறது, பசளை மண்ணில் தங்குகிறது, உவர் ஏறுவது தணிகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தண்ணீரும் கொஞ்சம் சுத்தமாகிறது. ஒரே கணக்கில் இத்தனையும் அடங்கும் என்பதுதான் இந்தத் துறையில் எனக்குள்ள பிடிப்பு.

பாடசாலை மாணவராக இருந்தாலே இதைத் தொடங்கலாம். கயிறும் அளவுநாடாவும் கொண்டு மாதம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று கிடைத்தால் உப்பையும் அளக்கலாம். வெங்காயத்துக்கு நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டும்போது விளைச்சல் குறையத் தொடங்கும், பீற்றூட் 2,700 வரை தாங்கும் என்பது ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணை. ஆவணி, புரட்டாதியில் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை அளந்தால் உங்கள் கிணற்றின் குணம் புரிந்துவிடும். மற்றவர் தோட்டத்துக்குப் போனால் முதலில் "அண்ணை, ஒருக்கா அளந்து பார்க்கட்டோ?" என்று கேளுங்கள். அளந்த இலக்கத்தை அவருக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 2: எந்தப் பிரச்சினை உங்களைப் பிடித்து இழுக்கிறது என்று பாருங்கள்

வேலையின் பெயரை வைத்துத் தேடினால் இலங்கை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் "விவசாயப் பொறியியலாளர்" என்ற சொல்லை அரிதாகத்தான் காண்பீர்கள். பிரச்சினையை வைத்துத் தேடினால் வேலை பல பெயர்களில் தெரியவரும்.

மண்ணும் நீரும். குடாநாட்டில் முதலிடம் இதற்குத்தான். சொட்டு நீர்ப்பாசனம், தூவல் நீர்ப்பாசனம், குளம் தூர்வாருதல், மழைநீரை நிலத்துக்குள் இறக்குதல், தடுப்பணை எல்லாம் இதில் அடங்கும். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைத் தேடி வாசியுங்கள். ஆனையிறவு நீரேரியில் சேரும் மழைநீரைக் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளால் கடல்நீரை வெளியே நிறுத்தி, நீரேரிகளையே நன்னீராக்கும் எண்ணம் அது. எழுபது வருடத்துக்குப் பிறகும் அதன் பகுதிகள் பேசப்படுகின்றன. இன்னொரு பக்கம், தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டிருக்கிறது. இப்படியான நிலையங்களில் ஒரு கனமீற்றர் நீருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை, மிஞ்சும் அடர் உவர்நீரைக் கடலில் எங்கே, எப்படி விடுவது என்பதும் கடற்றொழிலாளருக்கு முக்கியமான கேள்வி. மழைநீரா, கடல்நீரா, இரண்டும் எந்த அளவில் என்று கணக்கோடு பேசக்கூடிய இளையவர்கள் நமக்கு வேண்டும்.

இயந்திரமும் சக்தியும். 2022 எரிபொருள் நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோட்டம் வாடியதைப் பார்த்தவர்களுக்குச் சூரியசக்திப் பம்பின் அருமை தெரியும். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எரிபொருளுக்குக் காசு கொடுக்கும் தோட்டக்காரர் பம்பை நிறுத்த ஒரு காரணம் இருக்கும். வெயில் இலவசம் என்றால் பகல் முழுவதும் பம்ப் ஓடும், கிணறு சவராகும். ஆகவே நம்முடைய ஊரில் சூரியசக்திப் பம்ப் பொருத்துகிறவர் பம்பைச் சிறிதாகத் தெரிந்து, மேல்நிலைத் தொட்டி வைத்து, சொட்டு நீரோடு இணைக்க வேண்டும். தென்னிலங்கையில் பெரிய குளத்துக் கீழ் பொருத்திய அளவை இங்கே கொண்டுவந்து வைப்பது தவறு. லேண்ட்மாஸ்டர், அறுவடை இயந்திரம், மருந்தடிக்கும் கருவி ஆகியவற்றின் பாதுகாப்பும் இந்தப் பிரிவுதான். கிணற்றுக்குள் இறக்கிவைத்து ஓடவிடும் எஞ்சினின் புகையில் கார்பனோரொட்சைட்டு சேர்ந்து ஆளைக் கொல்லும். இந்த ஆபத்தைத் தடுப்பதும் பொறியியல் வேலையே.

அறுவடைக்குப் பின். பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் அறுக்கும் நெல்லில் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும், களஞ்சியப்படுத்த 13, 14 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவது நல்லதொரு உலர்த்தி. வெங்காயத்தைப் பிடி கட்டித் தொங்கவிடும் கொட்டிலின் காற்றோட்டம், கறுத்தக்கொழும்பு மாம்பழத்தைச் சாக்கில் அடைக்காமல் பிளாஸ்ரிக் கூடையில் ஏற்றுவது, நீர்வேலி வாழைக்குலையை நசியாமல் கொழும்புக்குச் சேர்ப்பது எல்லாம் இதே பிரிவு. பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு மூன்றும் வெயிலை நம்பிய உலர்த்தல். பனங்கட்டி விறகை நம்பிய ஆவியாக்கல். உலர்த்தலும் ஆவியாக்கலும் உணவுப் பொறியியலின் முதல் இரண்டு அத்தியாயங்கள். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கும்போது, நம்முடைய மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுகளில் இன்னும் நிறையப் பனை வேலை வரவேண்டும் என்பது என் ஆசை.

கழிவும் சுற்றுச்சூழலும். மாட்டெரு, மீன்கழிவு, சந்தைக் கழிவு ஆகியவற்றிலிருந்து உயிர்வாயுவும் கூட்டெருவும் எடுப்பது, மலசலக் கழிவைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நேரே விடாமல் பரிகரிப்பது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம், மாசு ஒருமுறை நிலத்தடிக்குப் போனால் எவ்வளவு தூரம் பரவும் என்பதை எல்லோருக்கும் காட்டியது.

உணரிகள், ட்ரோன், தரவு என்று இன்னொரு பிரிவும் உண்டு. இளையவர்கள் முதலில் ஓடுவது அங்கேதான். நல்லது, ஆனால் மண் ஈரப்பதன் உணரி காட்டும் இலக்கத்துக்குப் பொருள் சொல்ல மண் பௌதிகவியல் தெரிய வேண்டும். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் உண்டு.

படி 3: உயர்தரத்தில் பாடம் தெரிவு

மூன்று பிரிவுகள் இந்தத் துறைக்குள் விடும்.

உயிரியல் பிரிவிலிருந்து விவசாய பீடத்துக்குப் போவது வழமையான பாதை. இங்கே ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. உயிரியல், இரசாயனவியலோடு மூன்றாம் பாடமாகப் பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். விவசாய விஞ்ஞானம் எடுத்தாலும் விவசாய பீடம் கிடைக்கும். ஆனால் பொறியியல் பக்கம் போக எண்ணம் இருந்தால் பௌதிகவியலை விடாதீர்கள். பாய்ம அழுத்தம், வெப்பமாற்றீடு, மின்னியல் தெரியாமல் விவசாயப் பொறியியல் பாடங்களில் மாணவர்கள் திணறுகிறார்கள்.

பௌதிக விஞ்ஞானப் பிரிவில், அதாவது இணைந்த கணிதத்தோடு, படித்தவர்கள் பொறியியல் பீடத்துக்குப் போய் அங்கிருந்து நீர், சுற்றுச்சூழல், உணவு பதனிடல் பக்கம் திரும்பலாம்.

மூன்றாவது தொழினுட்பப் பிரிவு. 2013 இல் பாடசாலைகளில் அறிமுகமாகி, 2015 இல் முதல் பரீட்சை நடந்த இந்தப் பிரிவில், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் அதோடு கட்டாயம். "கெட்டிக்காரப் பிள்ளைகள் போகாத பிரிவு" என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கையால் செய்து பார்க்க விருப்பமுள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பேன். பெற்றோர் தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

படி 4: பல்கலைக்கழக வாசல்கள்

பக்கத்திலேயே தொடங்குவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் ஆரம்பமானது. இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. நான்கு வருடப் பட்டம், அதற்குள் விவசாயப் பொறியியல் துறையும் உண்டு. பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் அதே அறிவியல் நகரில்தான். தொழினுட்ப பீடம் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பட்டம் தருகிறது. ஒரே வளாகத்தில் மூன்று பீடங்கள் இருப்பது பெரிய வாய்ப்பு. விவசாய பீட மாணவர் மற்ற பீட நண்பர் ஒருவரோடு சேர்ந்து உலர்த்தி ஒன்றைச் செய்து பார்க்க வாகன வசதிகூடத் தேவையில்லை.

வெளியே போவதானால்: பேராதனை விவசாய பீடத்தில் விவசாயப் பொறியியல் துறை, மாகந்துரையில் வயம்பப் பல்கலைக்கழகத்தின் உயிர்முறைமைப் பொறியியல் துறை, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், மாப்பலானையில் ருகுணு விவசாய பீடம். வேலை செய்துகொண்டே படிக்க விரும்பினால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் விவசாய, பெருந்தோட்டப் பொறியியல் துறை இருக்கிறது, அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. உணவு பதனிடலில் மனம் இருந்தால் மொறட்டுவை, பேராதனை ஆகியவற்றின் இரசாயனப் பதன்முறைப் பொறியியலையும் பாருங்கள்.

அனுமதி இசட் புள்ளியில். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமையில், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் பாடநெறிகளின் பெயரையும் தேவையான பாடச் சேர்க்கையையும் நீங்களே வாசியுங்கள், ரியூசன் வகுப்பில் கேட்டதை நம்பி விருப்ப ஒழுங்கை நிரப்பாதீர்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்மொழி மூலம் படித்து வருபவர்களுக்கு முதல் வருடம் அதனால்தான் கஷ்டம், பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள்.

இந்தியாவில் படிப்பதானால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் பொறியியல் கல்லூரி கோயம்புத்தூரிலும், இன்னொன்று திருச்சிக்கு அருகே குமுளூரிலும் உள்ளன. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் அறிவிப்புகளை யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விவசாயப் பட்டத்தில் பொறியியலைச் சிறப்பாகப் படித்தவர் சட்டப்படி உடனே "பொறியியலாளர்" ஆகிவிட மாட்டார். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் பொறியியல் தொழில் செய்பவர்கள் பொறியியல் பேரவையில் பதிவுசெய்ய வேண்டும். எந்தப் பட்டம் எந்த வகைப் பதிவுக்கு ஏற்கப்படும் என்பது அங்கீகாரத்தைப் பொறுத்தது. பட்டயப் பொறியியலாளர் ஆவதும், அந்தப் பெயரோடு வெளிநாட்டில் வேலை செய்வதும் உங்கள் இலக்கு என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்த பொறியியல் பட்டத்தையே தெரிவு செய்யுங்கள். தோட்டமும் ஆய்வும் ஆலோசனையும்தான் விருப்பம் என்றால் விவசாயப் பட்டம் தாராளமாகப் போதும். எது வேண்டும் என்று முதலே தெரிந்துகொண்டால் நாலு வருடம் கழித்து ஏமாற்றம் வராது.

படி 5: இசட் புள்ளி போதவில்லை என்றால்

வவுனியாவிலும் பரந்தனிலும் விவசாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே டிப்ளோமா முடித்தவர்கள் விவசாயப் போதனாசிரியராக, தனியார் துறைக் கள உத்தியோகத்தராக வருகிறார்கள். அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனம், இயந்திரம், மின்சாரம் போன்ற தொழில்களில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தருகிறது. அந்தத் தகைமை ஏணியில் 4 ஆம் மட்டம் கைவினைஞர், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். ஏறிக்கொண்டே போகலாம்.

பம்ப், சொட்டு நீர், வடிகட்டும் தொகுதி ஆகியவற்றை ஒழுங்காகப் பொருத்திப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவருக்குக் குடாநாட்டில் வேலை இல்லாமல் போகாது. நன்கொடையாக வந்த சொட்டு நீர்த் தொகுதிகள் பல ஒரு வருடத்தில் மூலையில் சுருட்டிக் கிடப்பதற்குக் காரணம், நமது சுண்ணாம்புத் தண்ணீர் துளைகளை அடைத்துவிடுவதும் அதை அமிலம் விட்டுக் கழுவிக் கொடுக்க ஆள் இல்லாததும்தான்.

படி 6: படிக்கும் காலத்தில் கையில் எடுக்க வேண்டியவை

விரிவுரைக் குறிப்பு மட்டும் போதாது. மூன்று இலவச மென்பொருள்களைப் பழகிக்கொள்ளுங்கள்: பயிர் நீர்த்தேவைக்கு உணவு விவசாய நிறுவனத்தின் குரொப்வாட், குழாய் வலையமைப்புக்கு இபாநெட், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். முதலாம் படியில் 5 மில்லிமீற்றர் என்று நான் எடுத்துக்கொண்ட இலக்கத்தைக் குரொப்வாட்டில் காலநிலைத் தரவு கொடுத்து நீங்களே கணக்கிட்டு, உங்கள் மாதத்துக்கு அது சரியா என்று பார்க்கலாம்.

பயிற்சிக் காலத்தைத் தலைநகரில் ஏதாவது அலுவலகத்தில் கழிப்பதைவிட, திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையம், மகா இலுப்பள்ளமவில் உள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம், அநுராதபுரத்தில் உள்ள அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவகம் போன்ற இடங்களுக்கு முயற்சி செய்யுங்கள். சிங்களமும் அப்போது கொஞ்சம் வந்துவிடும், அது அரச வேலைக்கு உதவும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் "வெயிலுக்குள்ளை திரியிற வேலை" என்று தயங்குவார்கள். விவசாய பீடங்களில் பெண்கள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள், ஆய்வுகூடம், வடிவமைப்பு, நீர்த்தர ஆய்வு, களம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். வெங்காயம் நடுவது, களை எடுப்பது, ஒடியல் கிழிப்பது என்று நமது தோட்டத்திலும் பனையிலும் பெருமளவு வேலை பெண்கள் செய்வதுதான். அவர்களுடைய முதுகுவலியைக் குறைக்கும் கருவியை வடிவமைக்க அவர்களோடு இருந்து பேசக்கூடியவர் வேண்டும்.

படி 7: வேலை எங்கே

அரச துறையில் விவசாயத் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பனை அபிவிருத்திச் சபை, மாகாண சபைத் திணைக்களங்கள். ஆட்சேர்ப்பு வர்த்தமானி அறிவித்தலும் போட்டிப் பரீட்சையும் வழியாக நடக்கும். நீண்ட இடைவெளி விழும், ஆகவே அதற்காகவே காத்திருக்காதீர்கள்.

தனியார் துறையில் நீர்ப்பாசன உபகரண நிறுவனங்கள், இயந்திர விற்பனை நிலையங்கள், பசுமைக்குடில் அமைப்போர், மரக்கறி, பழம், கடலுணவு பதனிட்டு ஏற்றுமதி செய்வோர். சர்வதேச நிறுவனங்களின் திட்டங்களிலும் வேலை வரும், ஆனால் திட்டம் முடிய ஒப்பந்தமும் முடியும்.

சொந்தமாகத் தொடங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வடக்கில் இதற்கு இடம் இருக்கிறது. பொருள் விற்கும் கடைகள் உண்டு, தோட்டத்துக்கு வந்து அளந்து, கணக்குப் போட்டு, பொருத்தி, அடுத்த போகத்துக்கும் வந்து பார்க்கும் சேவைதான் குறைவு. முதல் வருடத்தில் ஒரே ஒரு சேவையை எடுங்கள். உதாரணமாக, நாலைந்து பரப்புத் தோட்டத்துக்குச் சிறிய பம்ப், தொட்டி, சொட்டு நீர், வருடாந்தப் பராமரிப்பு. தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துவிட்டே தொகுதியை வடிவமையுங்கள். முதல் சில தோட்டக்காரரிடம் எரிபொருள் செலவும் விளைச்சலும் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அடுத்த வாடிக்கையாளர் நம்புவது உங்கள் பட்டத்தை விடப் பக்கத்துத் தோட்டக்காரரின் வாயைத்தான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டபோது, மாற்று வழிக்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் விவசாயிகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அந்த வருடம் முடியுமுன் தடை விலக்கப்பட்டது. பசளையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, நம்முடைய கிணறுகளே அதைக் கேட்கின்றன. ஆனால் எத்தனை வருடத்தில், எந்தப் பயிரில், எந்த நீர்முகாமைத்துவத்தோடு, எவ்வளவு கூட்டெரு உற்பத்தியோடு என்று திட்டமிடாமல் அது நடக்காது. கொள்கை வகுக்கும் மேசையில் இந்தத் துறை படித்தவர்கள் இருக்க வேண்டிய தேவை அப்போது நன்றாகத் தெரிந்தது.

படி 8: மேற்படிப்பு

பட்டம் முடித்த கையோடு ஓடாமல், இரண்டு வருடமாவது களத்தில் நின்றுவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறோம் என்று அப்போதுதான் தெளிவாகும். உள்நாட்டில் பேராதனையிலுள்ள விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் முதுமாணி, கலாநிதி இரண்டும் தருகிறது. ஆசியாவில் தாய்லாந்தின் ஆசியத் தொழினுட்ப நிறுவகத்தில் விவசாய முறைமைகளும் பொறியியலும் என்ற பாடநெறி உண்டு. நிலத்தடி நீர், உவர் ஊடுருவல் பக்கம் போவதானால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள நீர்க்கல்வி நிறுவகமும், விவசாயத்துக்கு வாகனிங்கன் பல்கலைக்கழகமும் முதலில் பார்க்க வேண்டியவை. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது பொதுவான கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பாமல், உங்கள் கேள்வியையும் நீங்கள் எடுத்த அளவீடுகளையும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

அரச சேவையிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்துகொண்டு சம்பளத்துடன் கற்கை விடுமுறையில் போவதானால், திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகப் பிணை ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். பிணைக்காரராகக் கையெழுத்து வைப்பவர் பெரும்பாலும் உங்கள் உறவினரோ நண்பரோதான். மீறினால் பணம் கட்ட வேண்டியவர் அவராக இருக்கலாம். ஆகவே கையெழுத்து வாங்குமுன் ஒப்பந்தத்தின் கால அளவையும் தொகையையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.